எப்போதும் ஜெயிக்க வேண்டிய அப்பாக்கள்: கரிசல் மண்ணிலிருந்து இரண்டு கதைகள்

மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு பஸ்ஸில் போயிருக்கீங்களா? எட்டயபுரம் தாண்டினதும் ஒரு ஊர் போர்டு வரும்: எப்போதும்வென்றான். இரண்டு பக்கமும் கரிசல் காடு, பருத்தி, வெயில். அந்தப் பேரை முதல் தடவை படிக்கிற யாருக்கும் ஒரு சின்ன சிரிப்பு வரும். எனக்கு என்னவோ நம்ம வீட்டு அப்பாக்கள் ஞாபகம்தான் வந்தது. அவங்களும் எப்போதும் ஜெயிக்கணும், கலங்கவே கூடாதுன்னுதானே எதிர்பார்க்கிறோம்?

இந்த ஊர் இருக்கிறது ஒட்டப்பிடாரம் தாலுகாவில். ஒரு பக்கம் ஒட்டப்பிடாரம், வ.உ.சிதம்பரம் பிள்ளை பிறந்த ஊர். இன்னொரு பக்கம் எட்டயபுரம், பாரதியார் பிறந்த ஊர். இவங்களை தியாகியாவும் கவிஞராவும் நமக்கு நல்லாத் தெரியும். இன்னைக்கு நாம பார்க்கப்போறது வேற ஒண்ணு: தோத்துப்போன இரண்டு அப்பாக்கள். ஒருத்தர் பாரதியோட அப்பா. இன்னொருத்தர், அப்பாவாக வ.உ.சி.

முதல் கதை, சின்னசாமி ஐயர். எட்டயபுரம் சமஸ்தானத்தில் வேலை பார்த்தவர். கணக்கிலும் எந்திரங்களிலும் ரொம்ப ஆர்வம். மகனும் அந்த வழியில் வரணும்னு ஆசைப்பட்டார். பையனை மத்த பிள்ளைகளோடு விளையாட விடாத அளவுக்குக் கண்டிப்பு. சுத்தி எல்லா இடத்திலும் பருத்தி விளையுதே, நாமே ஒரு ஆலை வைப்போம்னு எட்டயபுரத்தில் பஞ்சாலை ஆரம்பிச்சார். இதே திருநெல்வேலிச் சீமைப் பருத்தியை நம்பித்தான் ஹார்வி சகோதரர்களும் பாபநாசத்தில், தூத்துக்குடியில் பெரிய ஆலைகளைக் கட்டினாங்க. சின்னசாமி ஐயரோட ஆலை நிலைக்கல. போட்ட பணம் முழுக்கப் போச்சு. 1898-ல் அவர் இறந்துட்டார். மகனுக்கு அப்போ 15 வயசு.

பன்னிரண்டு வருஷம் கழிச்சு, 1910-ல், பாரதி தன் வாழ்க்கையைப் பாட்டா எழுதி வெளியிட்டார். அதில் அப்பா வறுமையில் விழுந்ததுக்குன்னே தனியா ஒரு பகுதி இருக்கு. ஐரோப்பியர் செய்த சூழ்ச்சியில் செல்வம் போனதைச் சொல்றார். அதோட நிறுத்தல. கூடவே நின்னு புகழ்ந்து பேசின பழைய நண்பர்கள் கைவிட்டுப் போனதையும், அவரால் பிழைச்ச சொந்தக்காரங்க அப்புறம் மதிக்காததையும் சொல்றார். கடைசியில் அப்பா போனதும், பயப்படாதேன்னு சொல்ல உலகத்தில் ஒரு ஆள் இல்லையேன்னு தன்னைப் பத்தி வருந்துறார். எனக்கு அந்த இடத்தில் தோணினது இதுதான்: பணம் கரைஞ்சுக்கிட்டிருந்த அந்த வருஷங்களில் அந்த அப்பாகிட்ட பயப்படாதேன்னு யார் சொல்லியிருப்பா?

இரண்டாவது கதை. வ.உ.சி.யோட அப்பா உலகநாத பிள்ளை ஒட்டப்பிடாரத்தில் வக்கீல். அவருக்கும் சின்னசாமி ஐயருக்கும் நல்ல பழக்கம். அந்த வீட்டுப் பிள்ளை 1906-ல் வெள்ளைக்காரக் கம்பெனிக்கு எதிரா சுதேசி நாவாய்ச் சங்கம் தொடங்கினார். 1908 மார்ச்சில் கைது. ஜூலை 7-ம் தேதி தீர்ப்பு: 40 வருஷம். தீர்ப்பைக் கேட்ட அதிர்ச்சியில் தம்பி மீனாட்சிசுந்தரத்துக்கு மனநிலை பாதிச்சது. அதிலிருந்து அவர் மீளவே இல்லை. செக்கிழுத்த கதையைப் பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். ஒரு தீர்ப்பு வீட்டில் இருந்த இன்னொரு மனுஷனையும் உடைச்சதை அவ்வளவாப் பேசறதில்லை.

உள்ளே இருந்தவர் என்ன செஞ்சார்? எழுதினார். குடும்பத்துக்கும் நண்பர்களுக்கும் வெண்பாவா கடிதம் எழுதினார். ஜேம்ஸ் ஆலன் என்கிற ஆங்கில எழுத்தாளர் மனசைப் பத்தி எழுதின புத்தகத்தை ‘மனம்போல வாழ்வு’ன்னு தமிழில் கொண்டுவந்தார்.

தண்டனை குறைஞ்சு 1912 டிசம்பரில் வெளியே வந்தப்போ, வரவேற்கப் பெரிய கூட்டம் எதுவும் வரல. கப்பல் கம்பெனி இல்லை. வக்கீல் சன்னதும் பறிபோச்சு. சென்னையில் அரிசி வியாபாரம் செஞ்சு பார்த்தார். வீட்டில் மனைவி, பிள்ளைகள். கப்பலோட்டின மனுஷனுக்கு வீட்டுச் செலவை ஓட்ட முடியல.

இந்த இடத்தில்தான் எனக்கு ரொம்ப முக்கியமாப் படுற விஷயம் வருது. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்காகப் பணம் திரட்டி காந்தி மூலமா அனுப்பியிருந்தாங்க. அது வந்து சேரல. 1915 ஏப்ரலில் காந்தி சென்னை வந்தார். பணம் வந்துதான்னு கடிதத்தில் பேச்சு வந்தப்போ, வரலைன்னு வ.உ.சி. நேரடியா சொன்னார். கொஞ்ச காலமா தென்னாப்பிரிக்க நண்பர்கள் உதவியில்தான் குடும்பம் நடக்குதுங்கிறதையும் மறைக்கல. இந்த நிலைமையில் பணம் வேண்டாம்னு சொன்னா எனக்கும் என் குடும்பத்துக்கும் தப்பு செஞ்சவனாவேன்னு எழுதினார். அப்புறமும் விடாம மாசக்கணக்கா கடிதம் போட்டார். 1916 தொடக்கத்தில் 347 ரூபாய் 12 அணா வந்து சேர்ந்தது.

வந்தது சின்னத் தொகைதான். ஆனா நாடே வீரர்னு கொண்டாடின ஒருத்தர், ‘என்னால முடியல, எனக்கு உதவி தேவை’ன்னு கையெழுத்துப் போட்டு எழுதியிருக்கார். நம்ம அப்பாக்களில் எத்தனை பேரால் இதைச் சொல்ல முடியும்?

பின்னாடி வாலஸ் என்கிற நீதிபதி உதவியில் சன்னது திரும்பக் கிடைச்சது. அந்த நன்றிக்காக ஒரு மகனுக்கு வாலேஸ்வரன்னு பேர் வச்சார். 1920களில் இதே கரிசல் பக்கம், கோவில்பட்டியில், வக்கீலா வேலை பார்த்தார். பணக்கஷ்டம் தீரவே இல்லை, 1936-ல் இறந்தார். அதனால ‘கேட்டார், எல்லாம் சரியாச்சு’ன்னு முடிக்க முடியாது. ஆனா கேட்டதுக்கு பதில் சொல்ல சிலர் இருந்தாங்க. சின்னசாமி ஐயரைச் சுத்தி நின்னவங்க கலைஞ்சு போனதைத்தான் மகனோட பாட்டு சொல்லுது. இரண்டு பேருமே தொழிலில் தோத்தவங்கதான். ஆனா அதுக்கப்புறம் கூட யார் இருந்தாங்க என்பதில் அவ்வளவு வித்தியாசம்.

இன்னைக்கு நைட் ஊருக்கு போன் போடுவீங்க. அப்பா எடுத்து, ‘சாப்பிட்டியா? இரு, அம்மாட்ட குடுக்கிறேன்’னு சொல்வார். ஒரு நிமிஷம் நிறுத்துங்க. ‘அம்மா இருக்கட்டும்ப்பா, நீங்க எப்படி இருக்கீங்க? கடை எப்படிப் போகுது? தூக்கம் வருதா?’ன்னு கேளுங்க. முதல் நாள் ‘எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்’னுதான் பதில் வரும். பரவாயில்லை, அடுத்த வாரமும் கேளுங்க. அவர் பேச ஆரம்பிச்சா அட்வைஸ் பண்ணாம கேளுங்க. உங்களால தாங்க முடியாத அளவுக்கு இருந்தா 14416, டெலி மானஸ் எண். தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.