நெய்த்தோர்ப்பட்டியும் கொடி நாளும்

கொங்கு நாட்டுச் சிற்றூர்கள் பலவற்றில், புலியை எதிர்த்து நிற்கும் வீரனின் உருவம் பொறித்த கற்களைக் காணலாம். அவற்றைப் புலிகுத்திக்கல் என்பர். ஊரையும் ஆநிரையையும் காத்து மாண்டவர்களுக்கு நடுகல் எடுப்பது தமிழர் மரபு.

மாண்டவனுக்குக் கல் நட்டால் மட்டும் போதுமா? அவன் மனைவி மக்கள் எதனை உண்பர்? இவ்வினாவுக்கு நம் முன்னோர் விடை கண்டிருந்தனர். தருமபுரி வட்டாரத்து நடுகற்கள் சில, வீரனின் பொருட்டு நிலம் விடப்பட்ட செய்தியையும் கூறுகின்றன. அந்நிலத்துக்கு நெய்த்தோர்ப்பட்டி என்று பெயர். நெய்த்தோர் என்றால் குருதி. பிற்காலக் கல்வெட்டுகளில் உதிரப்பட்டி என்னும் பெயரும் வழங்கியது. கல், மாண்டவனின் புகழுக்கு. நிலம், இருப்போரின் வயிற்றுக்கு.

குடியாட்சியிலே இக்கடமை மன்னரிடமிருந்து நம் அனைவரிடமும் வந்து சேர்ந்தது. 1949-ஆம் ஆண்டு முதல் டிசம்பர் 7-ஆம் நாள் படைவீரர் கொடி நாளாகக் கொண்டாடப்பெறுகிறது. அன்று திரளும் நிதி, போரில் மாண்டோரின் குடும்பங்களுக்கும், உறுப்பிழந்த வீரர்களுக்கும், முன்னாள் படைவீரர் நலனுக்கும் பயன்படுகிறது. கோவையிலும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் ஒன்று இப்பணிக்கென இயங்கி வருகிறது.

அன்பர்களே! கொடிக்காக நீட்டும் காசை ஈகை என்று எண்ண வேண்டா. நெய்த்தோர்ப்பட்டி பிச்சையன்று, ஊர் பட்ட கடன். கொடி நாள் நிதியும் அத்தகையதே.