பக்திமான்களின் வோட்டு

1884-ஆம் வருஷத்து அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில், மாதா கோயிலுக்கும் பிரசங்கத்துக்கும் தவறாமல் போகிறவர்கள் பட்ட சங்கடம் கொஞ்சநஞ்சமல்ல. குடியரசுக் கட்சி அபேட்சகர் ஜேம்ஸ் பிளேய்ன், சபாநாயகராக இருந்த காலத்தில் ரயில்வே கம்பெனி விவகாரத்தில் ஆதாயம் தேடினார் என்பதற்கு அவருடைய கடிதங்களே சாட்சி சொல்லின. ஜனநாயகக் கட்சியின் குரோவர் கிளீவ்லண்டோ நாணயமான கவர்னர் என்று பெயரெடுத்தவர். ஆனால், மரியா ஹால்பின் என்ற விதவையின் குழந்தைக்கு இந்தப் பிரம்மசாரியே தகப்பன் என்ற செய்தி ஜூலையில் வெடித்தது. உறவை அவர் மறுக்கவில்லை.

பாதிரிமார்களே இரண்டுபட்டார்கள். புகழ்பெற்ற ஹென்ரி வார்ட் பீச்சர் கிளீவ்லண்டின் பக்கம் போனார். (இவரே 1875-ல் பிறன்மனை வழக்கில் பிரதிவாதியாக நின்று, ஜூரர்கள் ஒருமுடிவுக்கு வராமல் கலைந்ததால் தப்பியவர்!) பிளேய்னை வாழ்த்த வந்த பர்ச்சர்ட் பாதிரியாரோ கத்தோலிக்கரை இழித்துப் பேசிக் காரியத்தைக் கெடுத்தார்.

இருவருமே வேண்டாம் என்ற பக்திமான்கள் பலர், மதுவிலக்குக் கட்சியின் செயின்ட் ஜானுக்குப் போட்டார்கள். நியூயார்க் மாகாணத்தில் மட்டும் சுமார் 25,000 வோட்டு. அவற்றில் பெரும்பகுதி வழக்கமாகப் பிளேய்ன் கட்சிக்குப் போகிறவை. அங்கே கிளீவ்லண்ட் ஜயித்ததோ சுமார் 1,100 வோட்டில். அந்த மாகாணம்தான் அவரை ஜனாதிபதியாக்கியது.

கிளீவ்லண்ட் தன்னைப் பலவந்தம் செய்தார் என்று மரியா ஹால்பின் அக்டோபரில் சத்தியப் பிரமாணம் கொடுத்திருந்தாள். அவளுக்கு வோட்டு இல்லை. நியூயார்க்கில் பெண்களுக்கு அந்த உரிமை வந்தது 1917-ல்.