தங்கப் பந்துக்காக ஓடும் தாத்தா பாட்டிகள்

'அமெச்சூர்' என்ற சொல்லை இன்று யாரும் பாராட்டாகச் சொல்வதில்லை. அரைகுறையாகச் செய்பவர், அனுபவம் இல்லாதவர் என்ற பொருளில்தான் அது புழங்குகிறது. ஆனால் அந்தச் சொல்லின் லத்தீன் வேரைத் தேடிப் போனால் 'நேசிப்பவர்' என்று பொருள் வருகிறது. காசுக்காக இல்லாமல் பிரியத்துக்காக ஒரு காரியத்தைச் செய்பவர்தான் அமெச்சூர். டென்னிஸ் உலகில் இந்தச் சொல் ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் ராஜாவாக இருந்தது. பிறகு ஒரே ஆண்டில் பதவி இழந்தது. ஆனால் அடியோடு அழிந்து போகவில்லை. இன்று அது எங்கே வாழ்கிறது தெரியுமா? ஐம்பது, அறுபது, எண்பது வயதுக்காரர்கள் கோடை வெயிலில் ஆடும் மைதானங்களில்தான்!

பணம் நுழையாத காலம்

முதல் விம்பிள்டன் போட்டி நடந்தது 1877-இல். அன்று முதல் 1967 வரை அமெச்சூர்கள் மட்டுமே அங்கே ஆட முடிந்தது. ஜெயித்தால் கோப்பை உண்டு, புகழ் உண்டு, பரிசுப் பணம் கிடையாது. பணத்துக்கு ஆடத் தொடங்கினால் கதவு மூடிவிடும். 1926-இல் சூசான் லெங்லன், 1930-இன் இறுதியில் பில் டில்டன் என்று பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் தொழில்முறைக்கு மாறினார்கள். அதோடு விம்பிள்டனும் அவர்களுக்கு முடிந்தது. நம் ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனவர். ஜாக் கிராமர் நீட்டிய தொழில்முறை ஒப்பந்தத்தை வேண்டாம் என்று சொல்லி அமெச்சூராகவே இருந்தார்.

வெளியே பார்க்க இது உயர்ந்த கொள்கை. உள்ளே நடந்தது வேறு. போட்டி நடத்துபவர்கள் 'பயணச் செலவு' என்ற பெயரில் நல்ல ஆட்டக்காரர்களுக்கு மறைமுகமாகப் பணம் கொடுத்தார்கள். கணக்கில் வராத இந்தப் பணம் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். கடைசியில் 1968 ஏப்ரலில் இங்கிலாந்தின் போர்ன்மத் நகரில் தொழில்முறை வீரர்களும் அமெச்சூர்களும் சேர்ந்து ஆடிய முதல் 'ஓப்பன்' போட்டி நடந்தது. அதே ஆண்டு விம்பிள்டனில் ராட் லேவர் 2000 பவுண்டு பரிசு வாங்கினார். பெண்கள் பிரிவில் வென்ற பில்லி ஜீன் கிங்குக்குக் கிடைத்தது 750 பவுண்டு. மேல்தட்டு டென்னிஸில் அமெச்சூர் காலம் அத்தோடு முடிந்தது.

இன்னொரு வாசல்

ஆனால் இதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே இன்னொரு வாசல் திறந்திருந்தது. வயதானவர்கள் டென்னிஸ் ஆடுவது ஒன்றும் புதிதல்ல. ஸ்வீடன் மன்னர் ஐந்தாம் குஸ்தாவ் 'மிஸ்டர் ஜி' என்ற பெயரில் போட்டிகளில் ஆடியவர். எண்பது வயதைத் தாண்டியும் அவர் மட்டையைக் கீழே வைக்கவில்லை. ஆனால் மன்னர் ஆடுவது வேறு, ஓய்வுபெற்ற ஒரு சாதாரண வாத்தியாரோ வங்கி அலுவலரோ ஒரு நாட்டின் பெயரைத் தாங்கி ஆடுவது வேறு. அதற்கு ஓர் அமைப்பு வேண்டும்.

1958-இல் 45 வயதைத் தாண்டிய ஆண்களுக்காக டூப்ளர் கோப்பை தொடங்கியது. நாடுகளுக்கு இடையே நடக்கும் டேவிஸ் கோப்பையின் மூத்தோர் பதிப்பு என்று இதைச் சொல்லலாம். 1980-களின் தொடக்கத்தில் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு இந்த மூத்தோர் ஆட்டத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு உலகச் சாம்பியன்ஷிப் நடத்தத் தொடங்கியது. பிறகு ஒவ்வொரு வயதுப் பிரிவுக்கும் ஒரு கோப்பை வந்தது. அவற்றில் பலவற்றுக்குப் பழைய அமெச்சூர் நட்சத்திரங்களின் பெயர்களே வைக்கப்பட்டன: வான் கிராம், ஜாக் கிராஃபோர்ட், பிட்ஸி கிராண்ட், மல்லாய், மோரீன் கான்னலி, அல்தியா கிப்சன்.

இந்த ஆட்டத்தின் விதிகளில் ஒரு வேடிக்கை உண்டு. பிரிவுகள் ஐந்து ஐந்து வயதாகப் பிரிக்கப்பட்டுள்ளன. டிசம்பர் 31-க்குள் ஒருவருக்கு அறுபது வயது நிறைவடையுமானால், அந்த ஆண்டு ஜனவரி முதலே அவர் அறுபது வயதுப் பிரிவில் ஆடலாம். ஐம்பத்தொன்பதில் இளையவர்களிடம் உதை வாங்கிக்கொண்டிருந்தவர் புத்தாண்டு பிறந்ததும் புதிய பிரிவின் 'இளைஞர்' ஆகிவிடுகிறார்! வயதாவதற்காக ஆவலோடு காத்திருக்கும் மனிதர்களை வேறு எங்கே பார்க்க முடியும்?

ஒரே ஆண்டு, இரண்டு சாம்பியன்கள்

மூத்தோர் டென்னிஸைப் புரிந்துகொள்ள 1957 விம்பிள்டனைப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு ஆண்கள் இரட்டையர் பட்டத்தை வென்றவர்களில் ஒருவர் கார்ட்னர் மல்லாய். அப்போது அவருக்கு வயது 43. பட்ஜ் பேட்டியுடன் சேர்ந்து லியூ ஹோட், நீல் ஃப்ரேசர் என்ற இரண்டு இளம் ஆஸ்திரேலியர்களைத் தோற்கடித்தார். மல்லாய் சட்டம் படித்தவர், இரண்டாம் உலகப் போரில் கடற்படைக் கப்பலுக்குத் தலைமை வகித்தவர். 1957-க்குப் பிறகு அவர் ஓய்வெடுக்கவில்லை. வயதுப் பிரிவுகளில் ஏறிக்கொண்டே போய் அமெரிக்க மூத்தோர் தேசியப் பட்டங்களை நூற்றுக்கு மேல் குவித்தார். எண்பது வயது ஆண்களுக்கான உலகக் கோப்பைக்கு அவர் உயிரோடு இருக்கும்போதே அவர் பெயர் வைக்கப்பட்டது. 2016 நவம்பரில், 103-வது பிறந்த நாளுக்கு எட்டு நாட்கள் இருக்கும்போது காலமானார்.

அதே 1957-இல் பெண்கள் ஒற்றையர் பட்டத்தை வென்றவர் அல்தியா கிப்சன். விம்பிள்டனில் வென்ற முதல் கறுப்பினத்தவர் அவர்தான். எலிசபெத் அரசியின் கையால் பரிசு வாங்கினார். 1958-இலும் விம்பிள்டன், அமெரிக்கா இரண்டையும் வென்றார். பிறகு அமெச்சூர் டென்னிஸை விட்டு விலகினார். காரணம் எளிமையானது. கோப்பையை வைத்து அரிசி வாங்க முடியாது! கூடைப்பந்துக் குழுவின் ஆட்டங்களுக்கு முன் காட்சி ஆட்டம் ஆடினார், பாட்டுப் பாடினார், கோல்ஃப் ஆடினார். எதிலும் பெரிய வருமானம் இல்லை. 1990-களில் பக்கவாதம் தாக்கி, மருந்துக்கும் வாடகைக்கும் பணமில்லாமல் தவித்தார். அவருடைய பழைய இரட்டையர் கூட்டாளி ஏஞ்சலா பக்ஸ்டன் முயற்சி எடுத்து உதவி திரட்டினார். 2003-இல் கிப்சன் மறைந்தார்.

1990-களின் இறுதியில் எழுபது வயதுப் பெண்களுக்கான உலகக் கோப்பைக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அப்போது அவருக்கும் வயது எழுபதைத் தொட்டிருந்தது. தன் பெயர் கொண்ட கோப்பையில், தன் வயதுப் பிரிவில், அவரால் ஆட முடியாத நிலை.

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகிறது. பிரியத்துக்காக ஆட வேண்டும் என்றால் யாராவது செலவைக் கட்டியாக வேண்டும். அமெச்சூர் காலத்தில் அந்தச் செலவை வசதியுள்ளவர்கள் சொந்தப் பணத்தில் கட்டினார்கள், மற்றவர்கள் மறைமுகப் பணத்தில் கட்டினார்கள், இரண்டும் இல்லாத கிப்சன் போன்றவர்கள் தங்கள் வாழ்க்கையையே விலையாகக் கொடுத்தார்கள். இருபது வயதில் ஒருவரைக் காசில்லாமல் ஆடச் சொல்வது அநியாயம். ஐம்பது அறுபது வயதில், பிழைப்புக்கான ஓட்டம் ஓரளவு முடிந்த பிறகு, சொந்தப் பணத்தில் நுழைவுக் கட்டணம் கட்டி, டிக்கெட் எடுத்துப் போய் ஆடுவது வேறு. அமெச்சூர் என்ற சொல் உண்மையாக இருப்பது இந்த இடத்தில்தான். அதற்கும் வசதி வேண்டும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் இங்கே பொய்க் கணக்கு இல்லை.

முத்து மாலைப் பாட்டி

அமெரிக்க மூத்தோர் தேசியப் போட்டிகளில் வென்றவருக்குத் தருவது ஒரு சிறிய தங்கநிறப் பந்து. இரண்டாம் இடத்துக்கு வெள்ளிப் பந்து. இந்தத் தங்கப் பந்துகளை 390-க்கும் மேல் வென்றவர் டோரத்தி 'டோடோ' செனி. 1938-இல் ஆஸ்திரேலியச் சாம்பியன்ஷிப்பை வென்ற முதல் அமெரிக்கப் பெண் இவர். இவருடைய அம்மா மே சட்டன் 1905-இலேயே விம்பிள்டன் வென்றவர். அம்மா பதினெட்டு வயதில் செய்ததை மகள் தொண்ணூறு வயதிலும் தொடர்ந்தார் என்று சொல்லலாம். கழுத்தில் முத்து மாலை போட்டுக்கொண்டு மைதானத்தில் இறங்குவார். பார்க்கச் சாதுவான பாட்டி. ஆனால் வலையை ஒட்டி மெதுவாக விழும் 'டிராப் ஷாட்', தலைக்கு மேல் உயரப் போகும் 'லாப்' இரண்டையும் மாற்றி மாற்றி அடித்து எதிராளியை ஓட வைப்பார். 2014-இல் 98 வயதில் காலமானார்.

கோடையில் உண்மையான எதிராளி

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் மே முதல் செப்டம்பர் வரைதான் வெளி மைதான ஆட்டத்தின் பருவம். மூத்தோர் போட்டி பெரும்பாலும் ஒரு வாரம் நடக்கும். காலையில் ஒற்றையர், மாலையில் இரட்டையர் என்று ஒரே நாளில் இரண்டு முறை இறங்க வேண்டியும் வரலாம். வயது ஏற ஏறத் தாக உணர்வு குறைகிறது, வியர்வை மூலம் உடல் தன்னைக் குளிர்விக்கும் திறனும் குறைகிறது. அதனால் தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடிக்க வேண்டும், வெயில் ஏறும் முன் பயிற்சியை முடிக்க வேண்டும், தசை கரையாமல் இருக்க எடை தூக்க வேண்டும். பல போட்டிகளில் மூன்றாவது செட்டுக்குப் பதிலாகப் பத்துப் புள்ளி 'டை-பிரேக்' வைக்கிறார்கள். இந்த வயதில் நேற்றைய ஆட்டத்தின் களைப்பிலிருந்து இன்று காலைக்குள் மீள்வதே பாதி வெற்றி. டோடோ செனியின் டிராப் ஷாட் வெறும் குறும்பு அல்ல, கால்களைச் செலவழிக்காமல் புள்ளி எடுக்கும் சிக்கனம்!

2021-இல் சர்வதேசக் கூட்டமைப்பு தொண்ணூறு வயதுப் பிரிவையும் தொடங்கியது. அந்த ஆண்டு ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் உக்ரைனின் கார்க்கிவ் நகரைச் சேர்ந்த லியோனிட் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி 97 வயதில் ஆடினார். இரண்டாம் உலகப் போரின்போது போர் விமானம் கட்டும் வேலை பார்த்த பொறியாளர் அவர். மயோர்க்காவில் ரஃபேல் நடாலோடும் சிறிது நேரம் பந்தடித்தார். ஒருவர் கோடிகளில் சம்பாதித்தவர், இன்னொருவர் டென்னிஸால் எதுவும் சம்பாதிக்காதவர். வலைக்கு இரண்டு பக்கமும் அன்று இருந்தது ஒரே ஆட்டம்தான்.

1968-இல் பணம் வந்தது நல்லதுதான். அது முன்பே வந்திருந்தால் அல்தியா கிப்சனின் முதுமை வேறு மாதிரி இருந்திருக்கும். பணமில்லாமல் ஆட வேண்டும் என்ற கட்டாயம் போன பிறகுதான், பணமில்லாமலும் ஆடுபவர்களின் பிரியம் எவ்வளவு உண்மையானது என்று தெரிகிறது. ஒரு சின்னத் தங்கப் பந்துக்காக வெயிலில் ஓடும் எழுபது வயதுக்காரரைப் பார்த்து இனி யாராவது 'அமெச்சூர்' என்று சொன்னால், அதை அவர் தாராளமாகப் பாராட்டாகவே எடுத்துக்கொள்ளலாம்.