சித்தூரின் நிழலும் தொழுகை நேரக் கணக்கும்

தொழுகை நேரங்கள் ஐந்தும் கடிகாரத்தால் வரையறுக்கப்பட்டவை அல்ல; கதிரவனின் நிலையால் வரையறுக்கப்பட்டவை. உச்சி சாய்ந்ததும் லுஹர். ஒரு பொருளின் நிழல், நண்பகல் நிழலுக்கு மேல் அப்பொருளின் நீளம் அளவு கூடினால் ஷாஃபி மரபில் அஸர்; இருமடங்கு கூடினால் ஹனஃபி மரபில் அஸர். இந்த நிழலைக் கணிதமாக்கும் பணி ஒன்பதாம் நூற்றாண்டுப் பாக்தாதில் அல்-குவாரிஸ்மியின் அட்டவணைகளில் தொடங்கியது. பதினான்காம் நூற்றாண்டுத் திமிஷ்கில் இப்னு அல்-ஷாத்திர் உமையா பள்ளிவாசலின் நேரக் கணிப்பாளராகவே அமர்ந்திருந்தார். இன்றைய கைப்பேசிச் செயலிகள் செய்வது பெரும்பாலும் அவர்கள் செய்த கோள முக்கோணவியலையே.

அக்கணிதம் சித்தூருக்கும் திருப்பதிக்கும் வரும்போது மூன்று இடர்கள் எழுகின்றன.

முதலாவது, கடிகாரம். 1906 சனவரி 1 அன்று இந்தியத் திட்ட நேரம் நடைமுறைக்கு வந்தது. அதன் அடிப்படைத் தீர்க்கரேகை 82.5 பாகை, சித்தூர் ஏறத்தாழ 79.1 பாகையிலும் திருப்பதி 79.4 பாகையிலும் உள்ளன. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்பதால், சித்தூரின் சராசரி நண்பகல் கடிகாரத்தில் 12 மணி 13½ நிமிடத்துக்கு நிகழ்கிறது. அதற்கு முன் இரயில்வே பின்பற்றிய சென்னை நேரத்தில் இந்த இடைவெளி ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. சராசரி என்பதும் பெயருக்குத்தான்: பூமியின் சுற்றுப்பாதை நீள்வட்டமாகவும் அதன் அச்சு சாய்ந்தும் இருப்பதால், பிப்ரவரி நடுவில் உண்மை நண்பகல் 12.28-ஐ ஒட்டியும், நவம்பர் தொடக்கத்தில் 11.57-ஐ ஒட்டியும் விழும்.

சென்னைக்கெனக் கணித்த அட்டவணையைச் சித்தூர்ப் பள்ளிவாசலில் தொங்கவிட்டால் நேர்வது என்ன? மஃரிப் பாங்கு ஏறத்தாழ நான்கரை நிமிடம் முந்திவிடும். வானில் கதிரவன் இன்னும் இருக்கையிலேயே நோன்பு திறக்கப்படும். பதின்மூன்று மணி நேரத்துக்கும் மேல் பசித்திருந்தவரின் நோன்பு, பிற ஊரின் எண் ஒன்றால் கெடுகிறது. சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையில் நண்பகல் வேறுபாடு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல்தான். 1911 முதல் 2022 வரை ஒரே மாவட்டமாக இருந்த இவ்விரு ஊர்களுக்கும் ஓர் அட்டவணையே போதும். ஓரிரு எச்சரிக்கை நிமிடங்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

இரண்டாவது இடரே நுட்பமானது. பாக்தாது, கெய்ரோ, திமிஷ்கு ஆகிய ஊர்கள் கடகரேகைக்கு வடக்கே உள்ளன. அங்கே நண்பகல் நிழல் எப்போதும் வடக்கு நோக்கியே விழும். ஆகவே நண்பகல் நிழலைக் காண, ஊரின் அட்சத்திலிருந்து கதிரவனின் நடுவரை விலக்கத்தைக் கழித்தாலே போதும். சித்தூரின் அட்சமோ 13.2 பாகை. ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்டு நடுவிலும் கதிரவன் நேர் உச்சியில் நிற்க, நிழல் மறைந்துவிடும். இடைப்பட்ட மாதங்களில் நிழல் தெற்கே விழும். கழித்தலின் விடை எதிர்ம எண்ணாகும். நிரல் எழுதுவோர் அதன் மட்டு மதிப்பை எடுக்க மறந்தால், நீள வேண்டிய நிழல் குறுகிப்போகும். சூன் 21 அன்று சித்தூரில் ஷாஃபி அஸர் சுமார் 45 நிமிடமும், ஹனஃபி அஸர் சுமார் 18 நிமிடமும் முந்திக் காட்டப்படும். சனவரியில் மட்டும் சோதித்துப் பார்த்தவருக்கு இப்பிழை தென்படாது. தக்கணி உருது பேசும் ஹனஃபிகள் வாழும் சித்தூருக்கும், ஷாஃபிகள் மிகுந்த தமிழகக் கடற்கரைக்கும் ஒரே நிரலை வழங்கும்போது, மரபைத் தேர்ந்தெடுக்கும் வசதியும் கட்டாயம் தேவை. அன்று இவ்விரு அஸருக்கும் இடையே ஒரு மணிக்கும் மேல் இடைவெளி.

கணக்கா, காட்சியா என்ற பூசல் இம்மண்ணுக்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை வானாய்வகத்தின் சிந்தாமணி ரகுநாதாச்சாரியார் பழைய வாக்கிய முறைக்கு மாற்றாகத் திருக்கணிதப் பஞ்சாங்கத்தை வெளியிட்டபோதும் இதே கேள்விதான் எழுந்தது.

மூன்றாவது இடர் வைகறை. கராச்சி முறை கதிரவன் அடிவானுக்கு 18 பாகை கீழே இருக்கும்போது சுபுஹைத் தொடங்கும். வட அமெரிக்க முறை ஒன்று 15 பாகையைக் கொள்ளும். சித்தூரில் இவற்றுக்கிடையே குறைந்தது 12 நிமிட வேறுபாடு உண்டு. இதைக் கணிதம் தீர்க்காது. கண்ணே தீர்க்க வேண்டும். மின்னொளி மிகுந்த திருப்பதி நகருக்குள் அந்த மெல்லிய வெண்கீற்றைக் காண்பது அரிது. கிழக்கே மலை மறைக்காத, விளக்குகள் எட்டாத வெளியில், பருவந்தோறும் நிலவற்ற விடியல்களில் நோக்கிக் குறிக்க வேண்டிய பணி அது.