கட்டிலிலிருந்து கணக்குப் புத்தகம் வரை: இந்தியாவில் முதியோர் தொண்டமைப்புகள் வளர்ந்த கதை

முதியோர் நலம் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கூட்டுக்குடும்பம் சிதைந்ததிலிருந்துதான் தொடங்குகிறார்கள். வரலாறு அதோடு ஒத்துப்போகவில்லை. சென்னையில் 'ஃபிரெண்ட் இன் நீட் சொசைட்டி' தோன்றியது 1812இல். வறுமையில் விழுந்த ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் உதவ ஏற்பட்ட சங்கம் அது. இன்றும் முதியோர் இல்லம் நடத்துகிறது. குடும்பம் கட்டுக்கோப்பாக இருந்ததாக நாம் நம்பும் காலத்திலேயே நாதியற்ற முதியவர்கள் இருந்தார்கள். அவர்களுக்காக ஊரில் சிலர் கூடி நிதி திரட்டவும் வேண்டியிருந்தது.

இந்த இருநூறு ஆண்டுகளில் தொண்டமைப்புகள் முதியவரை எந்த இடத்தில் வைத்துப் பார்த்தன என்பதே இக்கட்டுரையின் கேள்வி. முதலில் படுக்கையில் கிடப்பவராகப் பார்த்தன. பிறகு நோயாளியாக, மனுதாரராக. கணக்கில் கையெழுத்துப் போடும் உறுப்பினராக அவரைப் பார்க்க மிக நீண்ட காலம் ஆயிற்று.

தொடக்கம் கட்டில்தான். 1839ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், பிரான்ஸின் சேன் செர்வான் என்ற கடலோர ஊரில், ஜான் ஜுகான் என்ற ஏழைப் பெண் பார்வை இழந்த ஒரு மூதாட்டியைத் தன் அறைக்குக் கொண்டுவந்து தன் கட்டிலிலேயே படுக்கவைத்தார். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் இத்தகைய முதியவர்களுக்காக யாசித்தார். அதிலிருந்து பிறந்த 'ஏழைகளின் சிறிய சகோதரிகள்' சபை 1882இல் கல்கத்தாவுக்கு வந்து, பின்னர் சென்னை உள்ளிட்ட நகரங்களிலும் இல்லங்களைத் திறந்தது. அன்றாடத் தேவையை அன்றாடம் கேட்டுப் பெறுவது அச்சபையின் மரபு. கடைக்காரரிடம் அரிசியோ காய்கறியோ கேட்டு வாங்கும் அந்தப் பழக்கத்தை நான் முக்கியமானதாகக் கருதுகிறேன். இல்லத்தில் இருக்கும் பாட்டிக்கும் சந்தையில் இருக்கும் வியாபாரிக்கும் அது ஒரு தொடர்பை உண்டாக்கிவிடுகிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு அரசு வந்தது. தமிழ்நாட்டில் 1962 ஏப்ரலில் முதியோர் ஓய்வூதியத் திட்டம் தொடங்கியது. 'ஓ.ஏ.பி. பணம்' என்ற சொல் கிராமத்துப் பேச்சில் நிலைத்துவிட்டது. எனினும் பணம் மட்டும் போதுமானதாக இல்லை. கண்ணில் புரை விழுந்தவர் அந்தப் பணத்தை எண்ணிக்கூடப் பார்க்க முடியாது.

அடுத்த திருப்பம் 1974இல் நேர்ந்தது. பிரிட்டனின் 'ஹெல்ப் தி ஏஜ்டு' அமைப்பை நிறுவிய சிசில் ஜாக்சன் கோல் அவ்வாண்டு இந்தியா வந்தார். டெல்லியைச் சேர்ந்த சாம்சன் டேனியல் அவரைச் சந்தித்து, இங்கும் அப்படியோர் அமைப்பு வேண்டும் என்று கேட்டார். அவருக்குக் கிடைத்தது பணம் அல்ல, நிதி திரட்டும் பயிற்சி. லண்டனில் கற்றுத் திரும்பியவர் டெல்லிப் பள்ளிப் பிள்ளைகளை நடைப்பயணத்துக்குத் திரட்டினார். பிள்ளை நடக்கும் தூரத்துக்கு ஏற்ப, தெரிந்தவர்கள் நன்கொடை தருவார்கள். மாமாவிடமும் பக்கத்து வீட்டுக்காரரிடமும் பிள்ளை கையெழுத்து வாங்கிவந்த அந்தத் தாள்களே இந்தியாவின் மிகப் பெரிய முதியோர் அமைப்புக்கு முதலீடாயின. 1978 ஏப்ரலில் 'ஹெல்ப்பேஜ் இந்தியா' பதிவானது. சில மாதங்களிலேயே வெளிநாட்டு உதவி இல்லாமல் தன் காலில் நின்றது. 2020இல் ஐ.நா. மக்கள்தொகை விருது அதற்குக் கிடைத்தது.

அதே 1978இல் சென்னையில் சாவித்திரி வைத்தி, தம் 'மண்டே சாரிட்டி கிளப்' தோழியரோடு 'விஸ்ராந்தி' இல்லத்தைத் தொடங்கினார். ஒன்று நாடு தழுவிய அமைப்பு, மற்றொன்று ஒரு நகரத்துப் பெண்கள் சிலரின் முயற்சி. இரண்டும் ஒரே ஆண்டில் பிறந்ததை வெறும் தற்செயல் என்று தள்ள எனக்கு மனமில்லை. வேலை தேடிப் பிள்ளைகள் ஊர் விட்டுப் போன தலைமுறையின் பெற்றோர் முதுமையை எட்டிக்கொண்டிருந்த காலம் அது.

ஹெல்ப்பேஜின் கண்புரை அறுவை சிகிச்சை முகாம்களும் மருத்துவ வேன்களும் சேவையை வாசலுக்குக் கொண்டுவந்தன. வேனில் ஒரு மருத்துவர், மருந்தாளுநர், சமூகப் பணியாளர், ஓட்டுநர். குறித்த கிழமையில், குறித்த இடத்தில் வண்டி வந்து நிற்கும். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வாங்குகிறவர்களுக்கு அந்தக் கிழமை தவறாமைதான் பெரிய மருந்து. ஒரே நாள் பெரிய முகாம் நடத்திப் படம் எடுத்துக்கொண்டு போவதைவிட வாராவாரம் வரும் ஒரு வேன் எத்தனையோ மேல்.

நீதிமன்றத்துக்கும் ஒரு சங்கம் போயிற்று. 1979 மார்ச் 31க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்குப் புதிய ஓய்வூதியக் கணக்கீட்டு முறை பொருந்தாது என்ற அரசு ஆணையை எதிர்த்து, டி. எஸ். நகரா உள்ளிட்ட ஓய்வூதியர்களோடு எச். டி. ஷோரி நிறுவிய 'காமன் காஸ்' அமைப்பும் மனுதாரராக நின்றது. 1982 டிசம்பர் 17இல் உச்ச நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஓய்வூதியம் அரசின் கருணை அல்ல, உரிமை என்று அத்தீர்ப்பு நிலைநாட்டியது. ஓய்வூதியர் சங்கங்கள் அந்த நாளை இன்றும் ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகின்றன. ஆனால் அரசு வேலையில் இருந்தவர்களுக்கே அந்த வெற்றி. வயல்வேலையிலும் கட்டட வேலையிலும் உடம்பு தேய்ந்தவர்களுக்காக அருணா ராய், பாபா ஆடவ் முதலானோர் 'பென்ஷன் பரிஷத்' என்ற பெயரில் டெல்லியில் திரண்டது 2012இல்தான்.

தமிழ்க் கரையில் நிகழ்ந்த மாற்றத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நிவாரணம் குடும்பக் கணக்கில் வந்தது; படகும் வலையும் கடலுக்குப் போகிறவர்களுக்கு வந்தன. கரையில் கருவாடு காயவைத்த கிழவிக்கும், வலைக்கண் பார்த்துப் பார்த்துப் பின்னிய கிழவருக்கும் அந்தப் பட்டியல்களில் தனி வரி இல்லை. அவர்களும் சம்பாதித்தவர்கள்தாம் என்பதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. ஹெல்ப்பேஜ் கடலூரில் தாமரைக்குளம் முதியோர் கிராமத்தை அமைத்தது. இன்னொரு வேலையையும் செய்தது: முதியவர்களை மட்டுமே கொண்ட சுய உதவிக் குழுக்களைக் கட்டியது.

அத்தகைய குழுவின் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். பத்துப் பதினைந்து பேர் பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள். சேமிப்புத் தொகை கைமாறுகிறது. எழுதத் தெரிந்த ஒருவர் வரவு எழுதிச் சத்தமாக வாசிக்கிறார்; படிக்கத் தெரியாதவர்கள் தலையாட்டிச் சரிபார்க்கிறார்கள், பெருவிரல் ரேகை வைக்கிறார்கள். ஒருத்திக்கு மீன் வாங்கி விற்கக் கடன் வேண்டும். திருப்பித் தருவாளா என்று முடிவு செய்வது அவள் வயதை ஒத்தவர்கள். வங்கி வயதைப் பார்த்துத் திருப்பி அனுப்பியவளுக்கு அங்கே அவள் வார்த்தையே ஈடு.

அந்தக் குழு முறை 2008 கோசி வெள்ளத்துக்குப் பின் பீகாருக்கும் போனது. மத்திய அரசின் தேசிய ஊரக வாழ்வாதார இயக்கமும் முதியோர் குழுக்களைத் தனி வகையாக ஏற்றது. அவ்வியக்கத்தின் குழுக்கள் பொதுவாகப் பெண்களுக்கு உரியவை என்றிருக்க, முதியோர் குழுவில் ஆணும் பெண்ணும் சேர்ந்திருக்கலாம்.

சட்டமும் தொண்டமைப்புக்கு ஓர் இடம் கொடுத்திருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இன் 5ஆம் பிரிவின்படி, முதியவரால் இயலாதபோது அவர் அதிகாரம் அளித்த பதிவுபெற்ற தன்னார்வ அமைப்பு அவருக்காகத் தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். சமரசம் பேசவும் அமைப்பின் பிரதிநிதியைத் தீர்ப்பாயம் நியமிக்கலாம். தமிழ்நாட்டில் அந்தத் தீர்ப்பாயம் வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) அலுவலகத்தில் இருக்கிறது. பெற்ற பிள்ளைமேல் மனு கொடுக்க எந்தத் தாயும் எளிதில் துணிவதில்லை. ஒரு சங்கம் துணைக்கு வந்தால்தான் அந்தப் படியில் கால் வைக்கிறாள். இந்தப் பிரிவைத் தமிழ்நாட்டு அமைப்புகள் போதிய அளவு கையிலெடுக்கவில்லை என்பது என் கருத்து.

2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்கள் ஏறத்தாழ 10.4 கோடி. 2021க்கான மதிப்பீட்டில் தமிழ்நாட்டு மக்களில் 13.6 விழுக்காட்டினர் முதியவர்கள். கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. மத்திய அரசின் ஓய்வூதியப் பங்கோ 80 வயதுக்குட்பட்டவர்களுக்கு மாதம் 200 ரூபாயில் நிற்கிறது. இந்த இடைவெளியை இல்லங்கள் கட்டி நிரப்ப முடியாது. முதியவர்கள் தாங்களே உறுப்பினராகவும் கணக்கராகவும் இருக்கும் குழுக்கள் ஊருக்கு ஊர் வர வேண்டும். அரசு நிதி அவற்றுக்கு நேராகப் போக வேண்டும்.

ஹைதராபாத்தில் டாடா டிரஸ்ட்ஸ் ஆதரவோடு தொடங்கிய ஒரு தொலைபேசிச் சேவையை முன்மாதிரியாகக் கொண்டு, 2021இல் நாடு முழுவதற்கும் முதியோர் உதவி எண் வந்தது. உங்கள் தெருவில் தனியாக இருக்கும் பெரியவருக்கு இந்த எண்ணைத் தாளில் பெரிதாக எழுதிக் கொடுங்கள்: 14567. கட்டணமில்லை, காலை 8 முதல் இரவு 8 மணி வரை பேசலாம்.