24 வாரங்கள் (திரைப்படம்)

24 வாரங்கள் என்பது 2016 ஆம் ஆண்டில் வெளிவந்த ஜெர்மானியத் திரைப்படமாகும். ஜெர்மன் மொழியில் இதன் பெயர் 24 வோகன். அன்னே சோரா பெராஷெட் இயக்கிய இப்படத்தின் திரைக்கதையை அவரும் கார்ல் கெர்பரும் இணைந்து எழுதினர். யூலியா யென்ட்ச், பியார்னெ மேடல் ஆகியோர் முக்கிய வேடங்களில் நடித்துள்ளனர். வயிற்றில் வளரும் குழந்தைக்குக் கடுமையான குறைபாடுகள் இருப்பதை அறிந்த பின்னர், கருவைச் சுமப்பதா கலைப்பதா என முடிவெடுக்க வேண்டிய ஒரு தாயின் நிலையை இப்படம் சித்தரிக்கின்றது.

வகை

நாடகப்படம்

கதை

கவனிக்க: பின்வரும் பகுதி கதையின் முடிவையும் கூறுகின்றது.

ஆஸ்ட்ரிட் (யூலியா யென்ட்ச்) புகழ்பெற்ற மேடை நகைச்சுவைக் கலைஞர். கணவர் மார்க்குஸ் (பியார்னெ மேடல்) அவரது மேலாளராகவும் பணிபுரிகின்றார். இவர்களுக்கு ஏற்கனவே ஒரு மகள் உண்டு. இரண்டாவது முறை கருவுற்றிருக்கும் ஆஸ்ட்ரிட், குழந்தைக்கு டவுன் நோய்க்கூட்டறிகுறி இருப்பதை மருத்துவப் பரிசோதனையில் அறிகின்றார். அதிர்ச்சியுற்றாலும் குழந்தையைப் பெற்று வளர்ப்பதென இருவரும் தீர்மானிக்கின்றனர்.

பின்னர், குழந்தைக்குக் கடுமையான இதயக் குறைபாடும் இருப்பது தெரியவருகின்றது. பிறந்தவுடன் இதய அறுவைச் சிகிச்சைகள் செய்ய வேண்டியிருக்கும் என மருத்துவர்கள் விளக்குகின்றனர். ஆஸ்ட்ரிட்டின் உறுதி தளர்கின்றது. மார்க்குசோ குழந்தை பிறக்கவேண்டும் என்பதில் உறுதியாக இருக்கின்றார். சட்டப்படி இறுதி முடிவு தாயினுடையது. கருவைக் கலைக்க முடிவெடுக்கும் ஆஸ்ட்ரிட், இறுதியில் தன் முடிவை வானொலியில் வெளிப்படையாக அறிவிக்கின்றார்.

மருத்துவப் பின்னணி

21 ஆவது நிறப்புரியின் மேலதிகப் படி ஒன்று இருப்பதால் டவுன் நோய்க்கூட்டறிகுறி உண்டாகின்றது. இதனுடன் பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்குப் பிறவி இதயக் குறைபாடும் காணப்படுகின்றது. ஆகவே கதையில் வரும் இரண்டாவது செய்தி மருத்துவ உண்மைக்கு முரணானதன்று.

24 வாரங்களை எட்டிய சிசு, தீவிர மருத்துவச் சிகிச்சையின் உதவியுடன் தாயின் உடலுக்கு வெளியிலும் உயிர்பிழைக்கக்கூடும். இக்காரணத்தினாலேயே இத்தகைய காலங்கடந்த கருக்கலைப்பில் முதலில் ஊசி மூலம் சிசுவின் இதயத்துடிப்பு நிறுத்தப்படுகின்றது. அதன் பின்னர் மருந்துகளால் பிரசவ வலி தூண்டப்பட்டுத் தாய் குழந்தையைப் பெற்றெடுக்கின்றார். இந்நடைமுறையைப் படம் மறைக்காமல் காட்டுகின்றது.

சட்டப் பின்னணி

ஜெர்மானியக் குற்றவியல் சட்டத்தின் 218 ஆம் பிரிவு கருக்கலைப்பைக் குற்றமாகக் கருதுகின்றது. எனினும் ஆலோசனை பெற்று, மூன்று நாட்கள் கழித்து, கருவுற்ற 12 வாரங்களுக்குள் மருத்துவரால் செய்யப்படும் கருக்கலைப்புக்குத் தண்டனை இல்லை. தாயின் உயிருக்கோ, உடல் அல்லது மன நலத்துக்கோ கடுமையான ஆபத்து இருப்பதாக மருத்துவர் கருதினால் இக்கால வரம்பு பொருந்தாது. சிசுவின் குறைபாட்டையே காரணமாக ஏற்ற விதி 1995 ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. இதனால் ஆஸ்ட்ரிட் போன்றோரின் நிலையில் சட்டம் கேட்பது, குழந்தை எப்படி வாழும் என்பதையன்று. தாயால் அதைத் தாங்க இயலுமா என்பதையே.

உருவாக்கம்

இது பாடன் வூர்ட்டம்பெர்க் திரைப்படக் கல்லூரியில் பெராஷெட்டின் பட்டப்படிப்புப் படமாகும். மருத்துவர்களாகவும் மருத்துவப் பணியாளர்களாகவும் தோன்றுவோரில் பலர் உண்மையிலேயே அத்தொழில்களைச் செய்பவர்கள். இதனால் மருத்துவமனைக் காட்சிகள் ஆவணப்படத்தின் தன்மையைப் பெறுகின்றன. சில இடங்களில் ஆஸ்ட்ரிட் நேராக ஒளிப்படக்கருவியை நோக்குகின்றார். "நீங்கள் என்ன செய்வீர்கள்?" எனப் பார்வையாளரிடம் அவர் வினவுவதுபோல் இக்காட்சிகள் அமைந்துள்ளன. மார்க்குசின் தரப்பும் இழிவுபடுத்தப்படாமல் காட்டப்பட்டுள்ளது. கருக்கலைப்பை ஆதரிக்கும் பிரசாரமாகவோ எதிர்க்கும் பிரசாரமாகவோ இப்படத்தைக் கொள்ள முடியாமைக்கு இதுவே காரணம்.

விருதுகள்

2016 ஆம் ஆண்டு பெர்லின் சர்வதேசத் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் இப்படம் திரையிடப்பட்டது. 2017 ஆம் ஆண்டு ஜெர்மானியத் திரைப்பட விருதுகளில் சிறந்த திரைப்படத்துக்கான வெள்ளி விருதினைப் பெற்றது.