வெள்ளைக் கூரையும் அடுத்த மழையும்

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவின் பழைய பண்டகசாலைகள் ஓட்டுக் கூரை வேய்ந்தவை. 1865இல் பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலையை நிறுவிய பின், அவ்வகை ஓடுகள் மேற்குக் கடற்கரையெங்கும் பரவின. சரிவான அக்கூரை மழைநீரை வடித்தது. ஓடுகளின் இடுக்கு வழியே வெப்பக் காற்றையும் வெளியேற்றியது. பின்னர் வந்த கான்கிரீட் தளமோ பகல் வெப்பத்தைச் சேமித்து இரவில் வீட்டினுள் உமிழ்கிறது. தகரமும் ஆஸ்பெஸ்டாஸும் நண்பகலிலேயே அனலை இறக்குகின்றன. இவற்றின் கீழ் வாழ்வோர் பெரும்பாலும் எளிய உழைப்பாளிகள்.

இச்சிக்கலுக்கான இந்திய முன்மாதிரி, மட்டாஞ்சேரியில் தலைமுறைகளாக வாழும் குஜராத்தி வணிகர்களின் பூர்வீக மாநிலத்தில் உருவானது. 2010 மே மாதம் அகமதாபாத்தில் வெப்பம் 46.8 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அம்மாதத்தில் வழக்கத்தைவிட 1,344 மரணங்கள் கூடுதலாக நிகழ்ந்தன. 2013இல் வெப்பச் செயல்திட்டம் வகுத்த அம்மாநகராட்சி, 2017இல் தன்னார்வலர் துணையுடன் எளியோர் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளையடிக்கத் தொடங்கியது. நியூயார்க்கில் தன்னார்வலர் 2009 முதலே இப்பணியில் ஈடுபட்டு வந்தனர்.

ஆயினும், வறண்ட அகமதாபாத்தின் முறை கொச்சிக்கு அப்படியே பொருந்தாது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மி.மீ. மழை பெறும் ஊரில் பாசியும் அழுக்கும் வெண்மையை விரைவில் மங்கச் செய்யும். அதனுடன் வெயிலை எதிரொளிக்கும் திறனும் குன்றும். வேம்பநாட்டுக் காயலின் கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பைச் சுவர்களுக்கு மீண்டும் மீண்டும் பூசிய பழைய தலைமுறை இதனை அறிந்திருந்தது. தன்னார்வலரின் ஒருநாள் உழைப்பு நல்ல தொடக்கம்தான். அடுத்த மழைக்குப் பின் மறுபூச்சுக்கு யார் பொறுப்பு, அதற்கான நிதி எங்கிருந்து வரும் என்பவை தீர்மானிக்கப்படாவிடில், அனல் அதே எளியோர் வீட்டுக்கே திரும்பும்.